‘மூணு மாசம்’ வேறு, 90 நாள் வேறு: மகள் பிரசவத்துக்கு ஜெர்மனி கிளம்பும் அம்மாக்களுக்கான விசா கணக்கு

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதுதான் மதுரைப் பக்கத்து வழக்கம். வளைகாப்பு முடிந்த கையோடு பெண்ணை அழைத்து வந்துவிடுவார்கள். ஆனால் மகளுக்கு வேலை ம்யூனிக்கில், டாக்டர் அங்கே, இன்சூரன்ஸ் அங்கே, மாப்பிள்ளைக்கு லீவும் அங்கேதான் என்றால் என்ன செய்வது? தாய்வீடுதான் பெட்டி கட்ட வேண்டும். காளவாசல், எஸ்.எஸ். காலனி, பொன்மேனி, விராட்டிபத்து பக்கம் இப்படிக் கிளம்பும் அம்மாக்கள் இப்போது குறைவில்லை.

அவர்கள் வாங்கப்போவது ஷெங்கன் விசா. ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து உள்ளிட்ட 29 நாடுகளுக்கும் ஒரே விசா. பல்கேரியாவும் ருமேனியாவும் 2025 ஜனவரி 1-ல் முழுமையாகச் சேர்ந்ததால் வந்த எண்ணிக்கை இது. லண்டனில் இருக்கும் மகளுக்கு இந்த விசா உதவாது. பிரிட்டனும் அயர்லாந்தும் சைப்ரஸும் இந்த வளையத்துக்கு வெளியே.

“விசா கெடைச்சா மூணு மாசம் இருந்துட்டு வரலாம்” என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். சொல்பவர்கள் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் சட்டத்தில் இருப்பது மூன்று மாதம் அல்ல, 90 நாள். முன்பு விதியே ‘ஆறு மாதத்தில் மூன்று மாதம்’ என்றுதான் இருந்தது. 2013 அக்டோபர் 18 முதல் அதை ‘180 நாளில் 90 நாள்’ என்று மாற்றிவிட்டார்கள். பேச்சுவழக்கு மட்டும் இன்னும் மாறவில்லை.

இதில் என்ன பெரிய வித்தியாசம்? சித்திரை, வைகாசி, ஆனி மூன்றும் சேர்ந்தாலே 94 நாள் வாக்கில் வருகிறது. ஆங்கில மாதக் கணக்கிலும் அப்படித்தான். ஏப்ரல் 15 அன்று ஜெர்மனியில் இறங்கினால் “ஜூலை 14 வரைக்கும் இருக்கலாம்” என்று தோன்றும். எண்ணிப் பார்த்தால் அது 91-வது நாள். இறங்கிய நாளும் கிளம்பும் நாளும் இரண்டுமே கணக்கில் சேரும். ஏப்ரலில் 16 நாள், மே மாதம் 31, ஜூன் 30, ஆக 77. மிச்சம் 13 நாள். ஜூலை 13-க்குள் எல்லையைத் தாண்டியாக வேண்டும். ராத்திரி 11.50-க்கு விமானம், அது லேட்டாகி, எல்லைச் சோதனையை நள்ளிரவுக்குப் பிறகு தாண்டினாலும் நாள் ஒன்று கூடிவிடும். அதனால் டிக்கெட்டை 90-வது நாளுக்குப் போடாமல், 85 அல்லது 86-வது நாளுக்குப் போடுவது நிம்மதி.

சரி, திரும்பி வந்தபின் மறுபடி எப்போது போகலாம்? ஒவ்வொரு நாளும் அன்றிலிருந்து பின்னோக்கி 180 நாளை எண்ணி, அதற்குள் 90 நாளுக்கு மேல் இருந்திருக்கக் கூடாது என்பதுதான் விதி. மேலே சொன்ன கணக்கில் ஜூலை 13-ல் கிளம்பியவர், கையில் செல்லுபடியாகும் விசா இருந்தால், அக்டோபர் 12-ல் மறுபடி இறங்கி இன்னொரு 90 நாள் இருக்கலாம். பக்கத்து நாடான ஆஸ்திரியாவுக்கோ செக் குடியரசுக்கோ இரண்டு நாள் போய் வந்தால் கணக்கு புதிதாகத் தொடங்கும் என்று சிலர் சொல்வது தவறு. அவையும் ஷெங்கன்தான்; நாள் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

எப்போது இறங்குவது?

பிரசவத்துக்குப் போகிறவர்களுக்கு நாளைத் தேர்ந்தெடுப்பதுதான் பெரிய வேலை. டாக்டர் குறித்துக்கொடுத்த தேதியிலேயே பிறக்கும் குழந்தைகள் குறைவு. இரண்டு வாரம் முந்தலாம், ஒரு வாரம் பிந்தலாம். ஒரு மாதம் முன்னாடியே போய் உட்கார்ந்துவிட்டால், பிறந்த பிறகு கையில் இருப்பது 60 நாள்தான்.

ஜெர்மனியில் வேலை பார்க்கும் பெண்ணுக்குப் பேறுகாலப் பாதுகாப்பு விடுப்பு பிரசவத்துக்கு முன் 6 வாரம், பின் 8 வாரம். மொத்தம் 98 நாள். அம்மாவுக்குக் கிடைப்பதைவிட 8 நாள் கூட. ஆக, மகள் வீட்டில் இருக்கும் நாள் முழுக்க அம்மாவால் கூட இருக்க முடியாது. அங்கே ‘ஹெபாமே’ எனப்படும் பேறுகாலச் செவிலி, பிரசவத்துக்குப் பிறகு வீட்டுக்கே வந்து தாயையும் பிள்ளையையும் பார்ப்பார். பொது மருத்துவக் காப்பீட்டிலேயே அந்தச் செலவு அடங்கும். ஆரம்ப நாட்களுக்கு இது நல்ல துணை. அதனால் குறித்த தேதிக்கு இரண்டு, மூன்று வாரம் முன்பு இறங்குவது பலருக்கும் ஒத்துவரும் கணக்கு.

இன்னொரு வழியும் குடும்பங்கள் கண்டுபிடித்திருக்கின்றன. முதல் 90 நாள் பெண்ணின் அம்மா, அவர் கிளம்பும் வாரத்தில் சம்பந்தியம்மா. 90 நாள் கணக்கு ஆளுக்கு ஆள் தனித்தனி என்பதால் சட்டப்படி இதில் தடை இல்லை. இரண்டு பாட்டிகளும் ஒரே வீட்டில் ஒரே நேரத்தில் இருக்க வேண்டியதும் இல்லை!

ஸ்டிக்கரில் எதைப் பார்ப்பது?

பாஸ்போர்ட்டில் ஒட்டி வரும் விசா ஸ்டிக்கரில் இரண்டு விஷயம் இருக்கும். ஒன்று, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை. இன்னொன்று, தங்கும் நாட்கள் எத்தனை. இரண்டும் ஒன்றல்ல. பயணத் தேதி கொஞ்சம் தள்ளிப்போனால் சமாளிக்க 15 நாள் கூடுதலாகச் சேர்த்தே செல்லுபடிக் காலத்தைத் தருவது வழக்கம். ‘வரை’ என்ற இடத்தில் இருக்கும் தேதியை மட்டும் பார்த்துவிட்டு அதுவரை தங்கினால் மாட்டிக்கொள்வோம். தங்கும் நாட்கள் என்ற கட்டத்தில் 60 என்று இருந்தால் 60 நாள்தான். 90 கேட்டும் 60 தருவது உண்டு. கையில் வாங்கியதும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். எத்தனை முறை நுழையலாம் என்பதும் அதிலேயே இருக்கும். ஒரு முறைதான் என்றால், நடுவில் ஒரு சாவுக்கோ கல்யாணத்துக்கோ ஊருக்கு வந்துவிட்டு அதே விசாவில் திரும்பிப் போக முடியாது.

எப்போது, எங்கே விண்ணப்பிப்பது?

பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசி நேரம் என்றால் 15 நாள் முன்பாவது கொடுத்திருக்க வேண்டும். முடிவு சொல்ல 15 நாள் என்பது விதி. கூடுதல் விசாரணை தேவைப்பட்டால் 45 நாள் வரை போகலாம். இதெல்லாம் விண்ணப்பம் கொடுத்த பிறகான கணக்கு. அதற்கு முன் அப்பாயின்ட்மென்ட் கிடைக்கக் காத்திருக்கும் நாட்கள் தனி. கோடை விடுமுறை நெருங்கும்போது அதுவே வாரக்கணக்கில் இழுக்கும். மகள் உண்டாகியிருக்கும் செய்தி வந்து, டாக்டர் தேதி குறித்ததுமே பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது. ஷெங்கன் நாட்டைவிட்டுக் கிளம்பும் நாளுக்குப் பிறகும் பாஸ்போர்ட் 3 மாதமாவது செல்லுபடியாக வேண்டும், கடந்த 10 ஆண்டுக்குள் வழங்கியதாக இருக்க வேண்டும், இரண்டு பக்கமாவது காலியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் முதல் வேலை மதுரை பாஸ்போர்ட் அலுவலகத்தில்.

விண்ணப்பத்தை வாங்கும் மையத்துக்கு மதுரைக்காரர்கள் பெரும்பாலும் சென்னைக்குத்தான் போகிறார்கள். பாண்டியன் எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் விடிகாலை எழும்பூர். 12 வயதுக்கு மேற்பட்டவர்கள் முதல்முறை நேரில் போய் கைரேகை வைக்க வேண்டும். அந்த ரேகை 59 மாதத்துக்குச் செல்லும், அதற்குள் மறுபடி விண்ணப்பித்தால் பொதுவாகத் திரும்ப எடுக்க மாட்டார்கள். கட்டணம் 2024 ஜூன் 11 முதல் 90 யூரோ. மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா மறுத்தாலும் பணம் திரும்பாது.

அந்த மையம் காகிதங்களை வாங்கி அனுப்பும் தனியார் நிறுவனம் மட்டுமே. கொடுப்பதும் மறுப்பதும் தூதரகம். “உள்ள ஆள் இருக்கு, கண்டிப்பா வாங்கித் தரேன்” என்று யாராவது சொன்னால் அந்தக் கடையைவிட்டு இறங்கிவிடலாம். “ஜெர்மனி கஷ்டம், வேற நாட்டுல போட்டா சீக்கிரம் கெடைக்கும்” என்ற யோசனையும் ஆபத்து. எந்த நாட்டில் அதிக நாள் தங்கப்போகிறோமோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். பாரிஸ் வழியாக விமானம் மாறினாலும், தங்குவது மகள் வீட்டில் என்றால் விண்ணப்பம் ஜெர்மனிக்குத்தான்.

மீனாட்சிக்கு எத்தனை ஸ்பெல்லிங்?

மதுரையில் இது நிஜமான தலைவலி. அம்மாவின் பாஸ்போர்ட்டில் மீனாட்சி என்ற பெயரை ஆங்கிலத்தில் ‘க்ஷி’ ஒலிக்கான எழுத்துகளோடு எழுதியிருப்பார்கள். மகளின் பாஸ்போர்ட் கடைசிப் பக்கத்தில் தாயார் பெயர் ‘ட்சி’ ஒலிக்கான எழுத்துகளோடு இருக்கும். அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. அவருக்கு இது இரண்டு பெண்கள். கல்யாணத்துக்கு முன் அப்பா இனிஷியல், பின் கணவர் இனிஷியல், ஒரு சான்றிதழில் இனிஷியல் விரிவாக, இன்னொன்றில் ஒற்றை எழுத்தாக என்று போனால் குழப்பம் இன்னும் கூடும். உறவு நிரூபணமாகாவிட்டால் பயண நோக்கமே நிரூபணமாகவில்லை என்று பொருள். மகளின் பிறப்புச் சான்றிதழ், அது தமிழில் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பு, இரு பெயரும் ஒருவரே என்ற உறுதிமொழிப் பத்திரம் ஆகியவற்றை முன்கூட்டியே தயார் செய்துகொள்ள வேண்டும். நேரம் இருந்தால் பாஸ்போர்ட்டையே திருத்திக்கொள்வது இன்னும் நல்லது.

மற்றபடி கேட்பது: மகளின் அழைப்புக் கடிதம், அவரது பாஸ்போர்ட் மற்றும் குடியிருப்பு அனுமதி அட்டையின் நகல், போக வர டிக்கெட் பதிவு, வங்கிக் கணக்கு விவரம், மருத்துவக் காப்பீடு. பிரசவத் தேதியைக் குறிப்பிட்டு அங்கத்திய டாக்டர் தரும் கடிதத்தையும் வைத்தால் ஏன் 80, 90 நாள் கேட்கிறோம் என்பது தனியாகச் சொல்லாமலே விளங்கும்.

காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, எல்லா ஷெங்கன் நாடுகளிலும், தங்கும் நாள் முழுவதற்கும் இருக்க வேண்டும். இதில் விலை குறைந்ததைத் தேடி எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சுகர், பிரஷர் போன்று ஏற்கெனவே இருக்கும் நோயால் அங்கே ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் பாலிசி பணம் தருமா என்பது. விசாவுக்கு எந்தப் பாலிசியும் போதும். ஆஸ்பத்திரிக்கு அப்படி இல்லை.

மகள் போடும் கையெழுத்து

அம்மாவின் கணக்கில் போதிய பணம் இல்லையென்றால் மகளோ மருமகனோ அங்கே உள்ள வெளிநாட்டவர் அலுவலகத்தில் பொறுப்பேற்புப் பத்திரம் எழுதித் தரலாம். ஜெர்மன் மொழியில் அதன் பெயர் ‘ஃபெர்ஃப்ளிஷ்டுங்ஸ்எர்க்ளேருங்’. சொல்லிப் பார்த்தால் நாக்கு சுளுக்கும். கட்டணம் 29 யூரோதான். சம்பளச் சீட்டு, வாடகை ஒப்பந்தம் எல்லாம் பார்த்துத்தான் கொடுப்பார்கள். அதற்கும் முன்பதிவு வேண்டும், பெரிய நகரங்களில் காத்திருப்பு உண்டு. அசல் பத்திரம் கூரியரில் மதுரைக்கு வந்து சேர வேண்டும்.

இது வெறும் சம்பிரதாயக் காகிதம் அல்ல. வந்தவரின் தங்கும் செலவு, சாப்பாடு, நோய் வந்தால் மருத்துவச் செலவு என்று ஜெர்மன் அரசுப் பணம் எதைச் செலவழித்தாலும் கையெழுத்துப் போட்டவரிடம் வசூலிக்கலாம். பொறுப்பு 5 ஆண்டு வரை நீளும். காப்பீட்டை அக்கறையாக எடுக்கச் சொல்வதற்கு இதுவும் காரணம்.

திரும்பி வருவார் என்று எப்படி நம்புவது?

2024-ல் இந்தியாவிலிருந்து 11 லட்சத்துக்கும் அதிகமான ஷெங்கன் விண்ணப்பங்கள் போயின. ஏறத்தாழ 15 சதவீதம் மறுக்கப்பட்டன. மறுப்புப் படிவத்தில் அச்சடித்த காரணங்களில் ஒன்றை டிக் செய்து கொடுப்பார்கள். பெற்றோர் அதிகம் சந்திப்பது, ‘விசா முடிவதற்குள் திரும்பிச் செல்வார் என்பதில் சந்தேகம் உள்ளது’ என்ற வகைக் காரணம். கணவரை இழந்து, ஒரே மகளும் வெளிநாட்டில் இருக்கும் அம்மாவுக்கு இது இன்னும் வலிக்கும். அவருக்கு ஊரில் என்ன இருக்கிறது என்று அதிகாரி கேட்கிறார்.

அதற்குக் காகிதத்தில்தான் பதில் சொல்ல முடியும். பென்ஷன் ஆணை, சொந்த வீட்டின் பத்திரமும் வரி ரசீதும், கடை நடத்தினால் ஜி.எஸ்.டி. பதிவும் வருமான வரிக் கணக்கும், இங்கேயே இருக்கும் கணவர் அல்லது மகனின் விவரம், முன்பு வேறு நாட்டுக்குப் போய் நேரத்தோடு திரும்பிய முத்திரைகள். தமிழில் இருப்பவற்றுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு வைக்க வேண்டும். “கைமாத்தா நாலு லட்சம் வாங்கி அக்கவுண்ட்ல போட்டுருவோம்” என்பது வேண்டாத வேலை. மாதாமாதம் 30,000 ரூபாய் பென்ஷன் வரும் கணக்கில் திடீரென்று விழும் பெரிய தொகை, இல்லாத சந்தேகத்தையும் கிளப்பிவிடும்.

மறுத்துவிட்டால்? முன்பு ஜெர்மன் தூதரகத்துக்கே மறுபரிசீலனைக் கடிதம் எழுதலாம், காசு கிடையாது. 2025 ஜூலை 1 முதல் உலகம் முழுவதும் அந்த வசதியை ஜெர்மனி நிறுத்திவிட்டது. இப்போது இரண்டே வழி: குறையைச் சரிசெய்து, மறுபடி 90 யூரோ கட்டிப் புதிதாக விண்ணப்பிப்பது, அல்லது பெர்லின் நிர்வாக நீதிமன்றத்தில் வழக்குப் போடுவது. பிள்ளை பிறக்கும் தேதி யாருடைய வழக்குக்கும் காத்திருக்காது என்பதால் நடைமுறையில் இருப்பது முதல் வழிதான். முதல்முறை கொடுத்த அதே காகிதக் கட்டை அப்படியே மறுபடி கொடுத்தால் அதே பதில்தான் வரும். மறுப்பு விவரம் எல்லா ஷெங்கன் நாடுகளும் பார்க்கும் பொதுப் பதிவில் 5 ஆண்டு இருக்கும். அதை மறைத்து வேறு நாட்டில் முயல்வதில் பயனில்லை.

ஒழுங்காகப் போய் வந்தவர்களுக்கு ஒரு சலுகையும் உண்டு. 2024 ஏப்ரலில் ஐரோப்பிய ஆணையம் இந்தியர்களுக்கென்று அறிவித்த முறைப்படி, 3 ஆண்டுக்குள் இரண்டு விசா வாங்கிச் சரியாகப் பயன்படுத்தியவருக்கு 2 ஆண்டு விசா, அதன்பின் 5 ஆண்டு விசா தரலாம். பாஸ்போர்ட்டில் அவ்வளவு காலம் மிச்சம் இருக்க வேண்டும். 5 ஆண்டு விசா கையில் இருந்தாலும் 180-க்கு 90 என்ற கணக்கு மாறாது.

முத்திரை போய், கம்ப்யூட்டர் வந்தாச்சு

முன்பெல்லாம் விமான நிலைய அதிகாரி பாஸ்போர்ட்டில் குத்தும் முத்திரையை வைத்து நாளை எண்ணுவார்கள். ஒரு நாள் கூடினால் கவனிக்காமல் விட்டதும் உண்டு. 2025 அக்டோபர் 12-ல் ‘இ.இ.எஸ்.’ என்ற மின்னணுப் பதிவு முறை தொடங்கி, 2026 ஏப்ரல் 10-ஐ முழுமையான நடைமுறைக்கான நாளாக வைத்துப் படிப்படியாகக் கொண்டுவரப்பட்டது. முகத்தைப் படம் எடுத்து, நுழைந்த நாளையும் வெளியேறிய நாளையும் அதுவே பதிந்துகொள்ளும். விசா வைத்திருப்பவர்களின் கைரேகை ஏற்கெனவே பதிவில் இருப்பதால் மறுபடி சேமிப்பதில்லை. 91-வது நாள் தானாகவே தெரிந்துவிடும். அபராதம், நுழைவுத் தடை, அடுத்த விசாவுக்கு மறுப்பு என்று அது எங்கேயும் போய் முடியலாம். நோய், விமானம் ரத்து போன்ற தவிர்க்க முடியாத காரணம் இருந்தால் நாள் முடியும் முன்பே உள்ளூர் வெளிநாட்டவர் அலுவலகத்தில் நீட்டிப்புக் கேட்கலாம். “பேரன் இன்னும் சின்னவன்” என்பதை அவர்கள் காரணமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

விசா இருந்தாலும் எல்லையில் கேள்வி கேட்பார்கள். மகளின் முகவரி, போன் நம்பர், அழைப்புக் கடிதம், பொறுப்பேற்புப் பத்திரம், காப்பீடு, திரும்பும் டிக்கெட் எல்லாவற்றின் பிரதியும் கைப்பையில் இருக்கட்டும். பெரிய பெட்டியில் போட்டுவிட்டால் அந்த நேரத்தில் எடுக்க முடியாது. துபாய், தோஹா வழியாகப் போனால் இந்தச் சோதனை ஜெர்மனியில் நடக்கும். பாரிஸ் வழியாகப் போனால் பாரிஸிலேயே முடிந்துவிடும்.

பெட்டிக்குள் என்னென்ன?

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் இறைச்சி, பால் பொருள் கொண்டுபோகக் கூடாது. ஆக, நெய் டப்பாவும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் காளவாசலோடு நின்றுவிட வேண்டியதுதான். பச்சைக் கறிவேப்பிலை, முருங்கைக்கீரைக்குத் தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் அனுமதி கிடையாது. தேங்காய், வாழைப்பழம், அன்னாசி, பேரீச்சை, டுரியன் ஆகிய ஐந்துக்கு மட்டும் விலக்கு. பிரசவ மருந்துக்கு சுக்கு, மிளகு, திப்பிலியை உலர்பொடியாகக் கொண்டுபோய், நெய்யை அங்கே வாங்கி லேகியம் கிண்டிக்கொள்ளலாம். தேன் 2 கிலோ வரை போகும்.

மீன் 20 கிலோ வரை அனுமதி, கருவாடும் அதில் அடக்கம். நெத்திலி தாராளமாகப் போகும், வாசம் வராமல் கட்டினால். ஆனால் பால் சுரக்கும் என்று பெற்றவளுக்குக் கொடுக்கும் பால்சுறா கருவாட்டை எடுத்துப் போக வேண்டாம். அந்தச் சுறாக் குடும்பம் முழுவதும் 2023 நவம்பர் முதல் சர்வதேச வன உயிரின வர்த்தக ஒப்பந்தப் பட்டியலில் வந்துவிட்டது. அனுமதிப் பத்திரம் இல்லாமல் பிடிபட்டால் பறிமுதல். மாத்திரைகள் சொந்தத் தேவைக்கு 3 மாதத்துக்கு மேல் வேண்டாம், டாக்டர் சீட்டு ஆங்கிலத்தில் கூடவே இருக்கட்டும்.

கடைசியாக, பாட்டி வீட்டுச் சீராகக் குழந்தைக்குப் போடும் தங்கம். விமானத்தில் வருபவர் வரியில்லாமல் கொண்டுபோகும் பரிசுப் பொருளின் வரம்பு 430 யூரோ. இன்றைய விலையில் ஒரு பவுன்கூட அதற்குள் அடங்காது. அம்மா தன் கழுத்தில் போட்டுப் போய், போட்டுக்கொண்டே திரும்பும் நகைக்கு இந்தப் பிரச்சினை இல்லை. அதற்கு இங்கே கிளம்பும்போதே சுங்கத்தில் ஏற்றுமதிச் சான்று வாங்கி வைத்தால் திரும்பி வரும்போது கேள்வி வராது. அங்கேயே விட்டுவரும் காப்பும் செயினும்தான் வரிக் கணக்கில் வரும். அதைச் சிவப்பு வழியில் போய்ச் சொல்லி வரி கட்டலாம். இல்லையென்றால், குழந்தை முதல்முறை மதுரைக்கு வரும்போது இங்கேயே போடலாம்.